வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் கிடைக்கிறது, எழுத ஒரு அறை கிடைப்பதில்லை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நூல் வெளியீட்டுக்கு எவ்வளவு காசு முடியும் என்று எழுதுகிற ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். மண்டபம், ஒலிபெருக்கி, அழைப்பிதழ், வந்தவர்களுக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும், பேச வருபவர்களுக்குப் பொன்னாடை. முதற்பிரதி வாங்க ஒரு வர்த்தகப் பிரமுகரையும் பிடித்துவிடுவோம், அவரும் கவரில் தாராளமாகவே வைப்பார். அந்தக் காசில் பாதியைப் புத்தகம் எழுதப்படுவதற்கு முன்னரே செலவழித்து, எழுதுகிறவருக்குப் பத்து நாளைக்கு ஒரு அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுத்திருந்தால் அந்தப் புத்தகமே வேறு மாதிரி வந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓவியர்கள் பக்கமும் இதே கதைதான். கலா பொல என்கிற திறந்தவெளி ஓவியச் சந்தை 1993 முதல் நடக்கிறது, படங்களை வைத்து விற்க நல்ல இடம். லயனல் வென்ட் கலை மண்டபம் இருக்கிறது, காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. தீர்த்த கலைஞர் குழு 2000 இல் தொடங்கி, பிற நாட்டுக் கலைஞர்களையும் இங்கே அழைத்துத் தங்கவைத்து வேலை செய்ய வைத்திருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் தமிழில் எழுதுகிற, தமிழில் மட்டுமே விண்ணப்பம் நிரப்பக்கூடிய ஒருவர் இந்த நகரத்தில் எந்தக் கதவைத் தட்டுவது?

எனக்குத் தெரிந்த ஒரு கவிஞர், பாடசாலை ஆசிரியை. இரவு பத்து மணிக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளின் ரியூசன் தாள்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு எழுதுவார், அதே ஹோலில் ரீவி ஓடிக்கொண்டிருக்கும். மிச்சம் எல்லாம் காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில், போனில், ஒற்றைக் கையால். விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடுகிறது என்பார். இவருக்கு மூன்று மாத ரெசிடென்சி, அதாவது தங்கியிருந்து எழுத இடமும் சாப்பாடும், தருகிறோம் என்றால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார், யார் லீவு தருவது? ஆகஸ்ட் விடுமுறையில் பத்து நாள், அதிகம் போனால் இரண்டு கிழமை என்றால் எப்படியாவது வருவார். அதனால்தான் குறுகிய காலம் என்பதில் பிடிவாதமாக நிற்கிறேன். முதல் இரண்டு நாளும் நித்திரையிலேயே போகும், போகட்டும், அந்த நித்திரையும் வேலையில் சேர்த்திதான்.

அமெரிக்காவில் கலைஞர்கள் தங்கி வேலை செய்கிற மக்டொவல் என்றொரு இடம், 1907 இல் தொடங்கியது. அங்கே மத்தியானச் சாப்பாட்டை ஒரு கூடையில் வைத்து ஒவ்வொருவருடைய வேலைக்கூடத்து வாசலிலும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், கதவைத் தட்டமாட்டார்கள். இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை, பக்கத்துக் கடைச் சோற்றுப் பார்சல் போதும். கதவைத் தட்டாமல் இருப்பதுதான் எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம். "தம்பி, எவ்வளவு எழுதியாச்சு?" என்று எட்டிப் பார்ப்பதும், கடைசி நாளில் மேடை போட்டு நன்றியுரை வாங்குவதும், பத்து நாளுக்குள் பத்துக் கவிதை கேட்பதும் கூடவே கூடாது. அசோகமித்திரன் 1973 இல் அமெரிக்காவின் அயோவாவுக்கு, எழுத்தாளர்களை மாதக்கணக்கில் தங்கவைக்கும் நிகழ்ச்சிக்குப் போனார், அந்த நாட்களில் இருந்து 'ஒற்றன்' நாவலாக வந்ததோ பல வருடங்களுக்குப் பிறகு. தந்த அறைக்கு உடனே கணக்குக் கேட்டால் அப்படியான புத்தகம் வராது.

விண்ணப்பம் தமிழில் இருக்கவேண்டும், அதுவும் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கதைசொல்லிகளுக்கு அதுவும் வேண்டாம், வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பட்டும். மட்டக்களப்பில் கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியாருக்கும், தோட்டத்து லயத்தில் வளர்ந்து தன் பாட்டியின் கதைகளை மனதில் வைத்திருக்கும் ஒரு பிள்ளைக்கும் படிவம் நிரப்பத் தெரியவில்லை என்பதற்காக வாசலை மூடினால் நாங்கள் யாருக்கு இதைச் செய்கிறோம்? அப்புறம், நாட்கூலிக்குப் போகிற ஒருவர் பத்து நாள் வந்திருந்தால் வீட்டில் அடுப்பு எரியவேண்டும், அந்தச் சம்பளத்தையும் கொடுக்கவேண்டும். சின்னப் பிள்ளை உள்ள பெண்கள் அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று முதலிலேயே எழுதிவைக்கவேண்டும், இல்லாவிட்டால் வருவது முழுக்க ஆண்களாகவே இருக்கும்.

சரி, இடம்? வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடிகளைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். லண்டனிலும் டொரோண்டோவிலும் இருக்கிற எங்கள் சொந்தக்காரர் வாங்கிப் பூட்டிவைத்த வீடுகள் எத்தனை, கதிரை மேசையெல்லாம் துணி போர்த்தியபடி. வருடத்தில் ஒரு தரம் கலியாண வீட்டுக்கு வந்து திறப்பார்கள், மற்ற நாளெல்லாம் பராமரிப்புக் காசு மட்டும் போய்க்கொண்டிருக்கும். ஓவியருக்கு அது சரிவராது, வர்ணம் கொட்டினால் வீட்டுக்காரருக்கு நெஞ்சு பதறும், அவர்களுக்குப் பழைய வீடொன்றின் விறாந்தையோ பின்வளவோ தான் வசதி. எழுதுகிறவருக்கு ஒரு மேசை, ஒரு யன்னல், ஒரு மின்விசிறி.

அப்படிப் பூட்டிய வீடு உங்களிடமோ உங்கள் அண்ணன் அக்காவிடமோ இருந்தால் இந்த ஆகஸ்டில் இரண்டு கிழமைக்குத் திறப்பைத் தருவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். சாப்பாட்டுச் செலவை ஏற்க முன்வந்த நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். யார் வருவது என்பதைப் பிறகு சேர்ந்து முடிவெடுக்கலாம், முதலில் வீடு கிடைக்கட்டும். உள்பெட்டியில் எழுதுங்கள்.