'க்யோ'வின் மீன்கள் ஃபுகுஷிமாவிலிருந்து வந்தவை அல்ல

ஜப்பானியத் திகில் படக்கதைக் கலைஞர் ஜுன்ஜி இட்டோவின் 'க்யோ' படக்கதையில் சுறாவும் மற்ற மீன்களும் கால்களோடு கரையேறி வரும் பக்கங்கள், "ஃபுகுஷிமா கதிர்வீச்சைக் கண்டு வரைந்தவை" என்ற குறிப்போடு பகிரப்படுகின்றன. தவறு. இத்தொடர் 2001-02இல் ஜப்பானிய வார இதழில் வெளிவந்தது. ஜப்பானின் ஃபுகுஷிமாவில் அணு உலை விபத்து நடந்ததோ 2011 மார்ச்சில். அனிமேஷன் வடிவம் 2012இல் வந்ததால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கலாம். ஆனாலும், எத்தனையோ குடும்பங்கள் வீடிழந்த பேரிடரைத் திகில் படத்துக்கு விளம்பரமாக்குவது கொடுமை.

மீன்களுக்குக் கால்கள் வந்ததற்குக் கதையில் வரும் காரணமே வேறு. அவை உடலில் முளைத்த கால்கள் அல்ல, இயந்திரங்கள். வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது: ஜப்பானிய ராணுவ ஆராய்ச்சியில் பிறந்த கிருமி உடலை அழுகவைக்கிறது, அதிலிருந்து கிளம்பும் நாற்றவாயுதான் அந்தக் கால்களை நடக்கவைக்கிறது.