டான் ஆர்சிலோவை ஏன் துரத்தினீர்கள்? இன்னும் பதில் வரவில்லை

எத்தனை வருடம் ஆனால் என்ன, எனக்கு இந்த வயிற்றெரிச்சல் அடங்குவதாக இல்லை. 2015 ஆகஸ்ட் 25. பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டங்களை நெசன் டிவி சேனலில் வர்ணனை செய்துவந்த டான் ஆர்சிலோவை அந்த சீசனோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று செய்தி வந்தது. அதுவும் எப்படி? சேனல் முறையாக அறிவிக்கவில்லை. உள்ளூர் ரேடியோவில் முதலில் கசிந்தது. அப்புறம் வேறு வழியில்லாமல் சேனலும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டது. 15 சீசன் மைக் பிடித்த மனிதருக்கு அவர்கள் காட்டிய மரியாதை இவ்வளவுதான்.

சரி, அந்த வருடம் அணி என்ன லட்சணத்தில் இருந்தது? 78 வெற்றி, 84 தோல்வி, பிரிவில் கடைசி இடம். 2012-இலும் கடைசி, 2014-இலும் கடைசி. நடுவில் 2013-இல் வாங்கிய கோப்பையைச் சொல்லியே எத்தனை நாள் ஓட்டுவது? 9.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்த பாப்லோ சாண்டோவலுக்குப் பந்து மட்டையில் படவே மாட்டேன் என்றது. 8.8 கோடி டாலருக்கு வந்த ஹான்லி ராமிரெஸை இடது களத்தில் நிறுத்தினார்கள். பந்து அவர் பக்கம் போனாலே எங்கள் வீட்டில் எல்லோரும் தலையில் கை வைப்போம். இத்தனை ஓட்டைகள் இருந்த கப்பலில் ஒழுங்காக இருந்த ஒரே பலகையைத்தான் பிடுங்கி எறிந்தார்கள்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஒரு வர்ணனையாளர் போனால் இன்னொருவர் வருவார், அவ்வளவுதானே? இல்லை. இந்த ஆட்டத்தில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடியும்வரை வாரத்தில் ஆறு நாள் ஆட்டம் இருக்கும். அப்போதெல்லாம் ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்திலும் பெரும்பகுதி ஒன்றுமே நடக்காது. பந்து வீசும் பிட்சர் மண்ணைக் காலால் கிளறுவார், பேட்டர் கையுறையை அவிழ்த்துக் கட்டுவார், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் எழுந்துபோய் எதையோ குசுகுசுப்பார். அந்த வெற்று நேரத்தைக் கேட்கும்படி ஆக்குவது வர்ணனைப் பெட்டியில் இருக்கும் இரண்டு பேர்தான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்துவிட்டு மாசசூசெட்ஸுக்குப் பிழைக்க வந்த என் போன்றவர்களுக்கு இந்த ஆட்டம் பிடிபட்டதே ஆர்சிலோவும் அவரோடு வர்ணனை செய்த ஜெர்ரி ரெமியும் பேசியதைக் கேட்டுத்தான். இரவுச் சமையல், பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது எல்லாமே அவர்கள் குரலோடுதான் நடந்தன. டிவியைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். ஆர்சிலோவின் சுருதி ஏறினால் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தால் போதும்.

ஆர்சிலோ எங்கிருந்தோ இறக்குமதியானவரும் இல்லை. மாசசூசெட்ஸ் மெல்ரோஸில் பிறந்தவர், நியூ ஹாம்ப்ஷயரில் வளர்ந்தவர். பாஸ்டன் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, ரெட் சாக்ஸ் ரேடியோவின் பழம்பெரும் குரலான ஜோ காஸ்டிக்லியோனேயிடமே பாடம் கேட்டவர். பின்னர் பாட்டக்கெட் நகரின் சிறிய லீக் (இரண்டாம் நிலை) அணிக்கு ரேடியோ வர்ணனை செய்து, படிப்படியாக மேலே வந்தவர். 2001-இல் நெசன் சேனலில் அவர் சொன்ன முதல் ஆட்டமே ரெட் சாக்ஸ் பிட்சர் ஹிடேயோ நோமோ எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து பேஸ் சேர்வது) கொடுக்காமல் முடித்த ஆட்டம். பலருக்கு வாழ்நாள் முழுக்க வாய்க்காத நோ-ஹிட்டர் இவருக்கு முதல் நாளே அமைந்தது.

அந்தப் பீட்சா சமாசாரத்தைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 2007 ஏப்ரல் 16, பேட்ரியட்ஸ் டே. மாசசூசெட்ஸில் விடுமுறை. ஒருபக்கம் மாரத்தான், மறுபக்கம் ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் காலை ஆட்டம். இடது பக்க ஓரத்தில் கோட்டுக்கு வெளியே போன ஒரு ஃபவுல் பந்து பார்வையாளர் வரிசைக்குள் இறங்குகிறது. எதிரணி வீரர் காரெட் ஆண்டர்சன் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார். முன்வரிசை ரசிகர் ஒருவரும் பந்துக்குப் பாய்கிறார். பந்து நழுவிய அடுத்த நொடி, சற்றுத் தள்ளியிருந்த இன்னொருவர் கையிலிருந்த பீட்சாத் துண்டைத் தூக்கி அந்த ரசிகர் மேலேயே எறிகிறார். ரெமி விட்டாரா? ஆட்ட நுணுக்கத்தை விளக்கும் அதே தோரணையில் ரீப்ளேயைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, பந்து இங்கே விழுகிறது, பீட்சா அங்கிருந்து வருகிறது என்று ஆய்வு நடத்த ஆரம்பித்துவிட்டார். ஆர்சிலோவுக்குச் சிரிப்பு பீறிட்டது. ஆட்டம் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது, வர்ணனையாளருக்கு மூச்சு வாங்குகிறது. வாயைத் திறந்தால் வார்த்தைக்குப் பதில் விசிலடிப்பது போல ஒரு கீச்சுச் சத்தம்தான் வருகிறது. இன்றைக்கும் அந்தக் காட்சியைத் தேடிப் பார்த்துச் சிரிப்பவர்கள் ஊரில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். இதை எந்த மேலாளர் திட்டம் போட்டு உண்டாக்க முடியும்?

ரெமிக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது, போனது, மறுபடி வந்தது. மனச்சோர்வு தன்னைப் படுத்திய பாட்டை அவரே வெளிப்படையாகப் பேசினார். ரெமி இல்லாத மாதங்களில் பக்கத்து நாற்காலியில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். ஆர்சிலோ மட்டும் மாறாமல் இருந்தார். ரெமி திரும்பி வரும்போதெல்லாம் விட்ட இடத்திலிருந்து அரட்டையைத் தொடங்குவார்.

இப்படிப்பட்ட ஆளை ஏன் எடுத்தீர்கள்? ஒளிபரப்புக்குப் புதுத் தெம்பு ஊட்டவேண்டும் என்கிற மாதிரி சேனல் தரப்பில் ஏதோ சொன்னார்கள். புதுத் தெம்பா? கடைசி இடத்தில் கிடக்கும் அணியின் ஆட்டத்தை நாங்கள் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை உட்கார்ந்து பார்த்ததே அந்த இருவருக்காகத்தான். தெம்பு வேண்டியிருந்தது பிட்சிங் வரிசைக்கு. 60,000 பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ஊர்ப் பத்திரிகைகளில் கிழி கிழி என்று கிழித்தார்கள். பாஸ்டன் குளோப் பத்திரிகையே அணியின் உரிமையாளர் ஜான் ஹென்றியுடையதுதான். அதில்கூடத் திட்டு விழுந்தது, அந்த மட்டும் பாராட்டலாம். சேனல்காரர்கள் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

ஏன் அசையவேண்டும்? கணக்கைப் பாருங்கள். நெசன் சேனலில் 80 சதவீதம் ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குரூப் கையில். ரெட் சாக்ஸ் அணியும் அவர்களுடையதே. மீதி 20 சதவீதம் புருயின்ஸ் ஹாக்கி அணியை வைத்திருக்கும் நிறுவனத்துடையது. ஆக, ஆடுவது அவர்கள் அணி, காட்டுவது அவர்கள் சேனல், ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது அவர்களிடம் சம்பளம் வாங்கும் ஆள். நமக்கு இதில் என்ன இடம்? மாதாமாதம் கட்டுகிற இடம். அந்தக் காலத்தில் என் கேபிள் பில்லில் இந்தச் சேனல் கட்டாயமாக ஒட்டிக்கொண்டு வரும். நான் பார்த்தாலும் காசு, பார்க்காவிட்டாலும் காசு. கோபித்துக்கொண்டு வேறு சேனலுக்குப் போகலாம் என்றால், தேசிய சேனல்கள் எடுத்துக்கொள்ளும் ஒன்றிரண்டு ஆட்டங்களைத் தவிர வேறெங்கும் ரெட் சாக்ஸ் வராது. ஹோட்டலில் சாம்பார் சரியில்லை என்றால் எதிர்க்கடைக்குப் போகலாம். இவர்களுக்கு எதிர்க்கடையே கிடையாது. அந்தத் திமிர்தான் எல்லாம்.

நீக்கியதைக்கூட, போகட்டும், முதலாளி உரிமை என்று விட்டிருப்பேன். வழியனுப்பிய விதத்தைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. 2015 செப்டம்பர் 27, ஃபென்வேயில் அந்த வருடத்தின் கடைசி ஆட்டம். மைதானத்தின் பெரிய திரையில் ஆர்சிலோவுக்காக ஒரு அஞ்சலிப் படம் ஓடியது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, அவர் பெட்டியிலிருந்து கையசைத்தார். இதில் எதையும் நெசன் சேனலில் காட்டவில்லை. 15 வருடம் அவர் குரலைக் கேட்டது டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாங்கள். மைதானத்தில் இருந்தவர்களுக்கு அவர் குரல் கேட்கவே கேட்காது! வர்ணனையே கேட்காதவர்கள் விடை கொடுத்தார்கள், கேட்டவர்களுக்கு இருட்டடிப்பு. இந்த அற்பத்தனத்துக்கு யார் ஒப்புதல் கொடுத்தார், எந்த அறையில் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்றைக்கும் ஆசை.

வீரர்களுக்கு இருந்த நாகரிகம் மேலே இருந்தவர்களுக்கு இல்லை. அக்டோபர் 4, கிளீவ்லாந்தில் சீசனின் கடைசி ஆட்டம். ரெட் சாக்ஸ் வீரர்கள் வெளியே வந்து, வர்ணனைப் பெட்டியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்கள். ஆர்சிலோ கண் கலங்கித்தான் விடைபெற்றார். யாரையும் குத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. நானாக இருந்தால் பேசியிருப்பேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் இடத்துக்கு வந்த டேவ் ஓ'பிரையன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல வர்ணனையாளர். அதுவரை ரெட் சாக்ஸ் ரேடியோவில் இருந்தவர்தான். பாவம், 2016 ஏப்ரலில் அவர் மைக்கைப் பிடித்தபோது பாதி ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தச் சங்கடத்தை அவர் தலையில் கட்டியதும் இதே புண்ணியவான்கள்தான்.

இந்தக் கிறுக்குத்தனத்துக்குப் பரம்பரையே உண்டு. 1966 செப்டம்பரில் நியூயார்க் யாங்கீஸ் கடைசி இடத்தில் கிடந்தது. ஒரு நாள் ஆட்டத்துக்கு வந்தவர்கள் வெறும் 413 பேர். காலி இருக்கைகளைக் காட்டுங்கள் என்று வர்ணனையாளர் ரெட் பார்பர் கேமராக்காரர்களைக் கேட்டார், காட்டவில்லை. அவர் அதை வாயால் சொன்னார். சில நாளில் அவருக்கு வேலை போயிற்று. 1990 டிசம்பரில் டெட்ராய்ட் டைகர்ஸ் என்ன செய்தது? 1960 முதல் ரேடியோவில் ஒலித்துக்கொண்டிருந்த எர்னி ஹார்வெலிடம், அடுத்த சீசனோடு போய்விடுங்கள் என்றது. ஊரே கொதித்தது. அவர் 1991-ஐ முடித்துவிட்டுப் போனார். 1992-இல் அணியை வாங்கிய மைக் இலிட்ச், 1993-இல் அவரைத் திரும்ப அழைத்துவந்து உட்கார வைத்தார். டெட்ராய்ட்டுக்கு அந்தக் கொடுப்பினை இருந்தது. எங்களுக்கு முதலாளியும் மாறவில்லை, மனமும் மாறவில்லை.

மாறவில்லை என்று சும்மா சொல்லவில்லை. 2021 அக்டோபர் 30-இல் ரெமி இறந்துபோனார், வயது 68. அடுத்த ஏப்ரலில் ஃபென்வேயில் அவருக்கு அஞ்சலி நடத்தினார்கள். அதில் ஆர்சிலோ இல்லை. ஒதுக்கப்பட்ட வருத்தத்தை அவரே வெளிப்படையாகச் சொன்னார். செத்தவருக்கு நண்பன் சொல்லும் நாலு வார்த்தையில்கூடவா கணக்குத் தீர்ப்பது? சாவு வீட்டில் பகை பார்க்கக்கூடாது என்பதுகூடத் தெரியாதா?

ஆர்சிலோ நன்றாகத்தான் இருக்கிறார். 2016-இல் சான் டியேகோ பத்ரெஸ் அவரைக் கொத்திக்கொண்டு போனது. அங்கே சக வர்ணனையாளர் மார்க் கிராண்டோடு சேர்ந்து அடிக்கும் லூட்டியைப் பார்த்தால் பழைய நெசன் நாட்கள் ஞாபகம் வந்து எரிச்சல் இன்னும் கூடுகிறது. 2021 ஏப்ரலில் ஜோ மஸ்குரோவ் வீசியது பத்ரெஸ் வரலாற்றின் முதல் நோ-ஹிட்டர். அதைச் சொன்னதும் ஆர்சிலோவின் குரல்தான். அந்த ஊர் ரசிகர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நானும் விடவில்லை. பிற ஊர் ஆட்டங்களைக் காட்டும் எம்எல்பி டிவிக்குச் சந்தா கட்டி, பத்ரெஸ் ஆட்டம் பார்க்கிறேன். அங்கே மாலை 6.40 என்றால் இங்கே இரவு 9.40. எனக்கும் அந்த அணிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மறுநாள் காலை வேலைக்குப் போகவேண்டும், ஆனாலும் பாதி ஆட்டமாவது கேட்டுவிட்டுத்தான் தூக்கம். இது ஒரு பக்கம். இப்போது ரெட் சாக்ஸும் பத்ரெஸும் வருடா வருடம் மோதுகின்றன. ஆர்சிலோ வாயால் மறுபடி ஒரு ரெட் சாக்ஸ் ஆட்டத்தைக் கேட்கலாம் என்று ஆசையாகப் போய் உட்கார்ந்தால், திரையில் கறுப்புப் பலகை: உங்கள் பகுதியில் இந்த ஆட்டம் தடை செய்யப்பட்டுள்ளது. நியூ இங்கிலாந்தில், அதாவது மாசசூசெட்ஸிலும் அக்கம்பக்க மாநிலங்களிலும் இருப்பவர்களுக்கு, ரெட் சாக்ஸ் ஆடும் எந்த ஆட்டமும் அதில் வராது. சான் டியேகோ ஒளிபரப்பும் சேர்த்தே முடக்கம். 2024 ஜூனில் பத்ரெஸ் ஃபென்வேக்கே வந்து ஆடியபோதும் இதே கதை. என் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில் உட்கார்ந்து அவர் ரெட் சாக்ஸ் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், எனக்குக் கேட்க வழியில்லை. வேண்டுமானால் தனியாகச் சந்தா கட்டி நெசன் ஆப்பில் பார்த்துக்கொள்ளலாமாம். கட்டுகிறேனா பாருங்கள்.