பத்து லட்சத்தைப் பார்க்காதீர்கள், இரண்டு லட்சத்தைப் பாருங்கள்

அமெரிக்க ஃபெடரல் அரசு ஊழியர்களுக்கும் வெளியுறவுத் துறை அதிகாரிகளுக்கும் விற்கப்படும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது 10 லட்சம் டாலர். யாராவது உங்கள் மேல் தனிப்பட்ட முறையில் வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கினால் அந்தத் தொகை வரை கம்பெனி கொடுக்கும். பிரீமியம் வருடத்துக்கு ஏறக்குறைய 300 டாலர். வாங்குங்கள். ஆனால் அந்தப் பத்து லட்சத்துக்காக வாங்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படவே போவதில்லை.

காரணம் 1988-ல் வந்த சட்டம், வழக்கமாக வெஸ்ட்ஃபால் சட்டம் என்பார்கள். ஊழியர் தன் வேலைக்கு உட்பட்டுச் செய்த காரியத்தில் கவனக்குறைவால் யாருக்காவது நஷ்டம் வந்தால், 'இது பணிக்கு உட்பட்டதுதான்' என்று அரசின் நீதித் துறை (நீதிமன்றம் அல்ல) சான்று தரும். தந்ததும் வழக்கிலிருந்து ஊழியரின் பெயர் போய், அந்த இடத்தில் அமெரிக்க அரசு பிரதிவாதியாக நிற்கும். கொலம்பியாவின் பாரன்கீயா நகரில் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு அதிகாரி ஒருவர் ஓட்டிய கார் மோதிய வழக்கை இந்தச் சட்டத்தோடு பழகியவர்கள் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டில் நடந்த சேதத்துக்கு அரசு மேல் வழக்குப் போட முடியாது என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆகவே சான்று நின்றால் அதிகாரியும் தப்பிப்பார், அரசும் தப்பிக்கும், அடிபட்டவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் அவர்கள் அந்தச் சான்றையே எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சான்று சரியா என்று நீதிமன்றம் ஆராயலாம் என 1995-ல் தீர்ப்பு வந்தது. சான்று கிடைத்துவிட்டது என்று முழுசாகக் காலை நீட்டிப் படுத்துவிட முடியாது, அவ்வளவுதான்.

அரசியல் சாசன உரிமையை மீறினார் என்று சொல்லி அதிகாரியை நேரடியாக இழுக்கும் பிவென்ஸ் வகை வழக்கு ஒன்று இருக்கிறது, 1971 தீர்ப்பிலிருந்து வந்தது. வெஸ்ட்ஃபால் சட்டம் இதற்குப் பொருந்தாது. ஆனால் 2017-லும் 2022-லும் வந்த தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் அந்த வாசலையும் ஏறக்குறைய சாத்திவிட்டது. ஆக, வீட்டை விற்று நஷ்டஈடு கட்டும் நிலை மிக அரிது.

அப்படியானால் எதற்குக் காப்பீடு? பாலிசியின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் பகுதிக்கு. துறை விசாரணை, ஒழுங்கு நடவடிக்கை, இன்ஸ்பெக்டர் ஜெனரல் (துறைக்குள் முறைகேடுகளை ஆராயும் அதிகாரி) விசாரணை, ரகசியத் தகவல்களைப் பார்ப்பதற்கான பாதுகாப்பு அனுமதி ரத்து: இவற்றில் உங்களுக்கு வக்கீல் வைக்கும் செலவு. பொதுவாக விற்கப்படும் பாலிசிகளில் இதற்கு உச்சவரம்பு 2 லட்சம் டாலர், குற்றவியல் விசாரணைக்கு 1 லட்சம் என்கிற அளவில் இருக்கும். இந்த இடத்தில் அரசு வக்கீல் உங்களுக்காக வர மாட்டார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பதே அரசுதானே!

விசாரணை அறையில் நடப்பதைச் சொல்கிறேன். விசாரணை அதிகாரி இரண்டு பேர், மேசையில் ஒரு தாள், கீழே கையெழுத்துக் கோடு. அந்தத் தாள் இரண்டு வகை. காரிட்டி எச்சரிக்கை என்றால், பேசுவது உங்கள் விருப்பம். பேசாமல் இருந்ததற்காக மட்டும் வேலையிலிருந்து நீக்க முடியாது. ஆனால் பேசினால் அது குற்றவியல் வழக்கில் உங்களுக்கு எதிராகவே வரும். கால்கைன்ஸ் எச்சரிக்கை என்றால் நேர்மாறு: நீங்கள் சொல்வது குற்றவியல் வழக்கில் உங்களுக்கு எதிராகப் பயன்படாது, ஆனால் பதில் சொல்லியே ஆக வேண்டும், மறுத்தால் வேலை போகும். இரண்டிலும் பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம். அந்த நேரத்தில் எது எந்தத் தாள் என்று பார்க்கும் நிதானம் யாருக்கு இருக்கும்? பலர் 'என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் பேசுவார்கள். தேதி ஒன்று தவறும், பழைய ஈமெயில் ஒன்று மறந்துபோகும். முதலில் கிளம்பிய புகார் பிசுபிசுத்துப் போய், 'விசாரணையில் உண்மையை மறைத்தார்' என்கிற புதுக் குற்றச்சாட்டு முளைக்கும். காப்பீட்டின் மதிப்பு முழுக்க அந்த இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு வக்கீலிடம் பேச முடிவதில்தான் இருக்கிறது.

சாதாரண சிவில் ஊழியரை நீக்குவதாக மெமோ வந்தால் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. பதில் எழுதச் சட்டம் உறுதி சொல்வது குறைந்தபட்சம் 7 நாள்தான். ஏழு நாளில் வக்கீலைத் தேடி, பீஸ் பேசி, கோப்பைப் படிக்கவைப்பது நடக்கிற காரியமா? பாதுகாப்பு அனுமதி பறிப்பு இன்னும் மோசம். அது சரியா தவறா என்பதைத் துறைக்கு வெளியே ஆராய மாட்டார்கள் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றத்தின் ஈகன் வழக்கில் முடிவாகிவிட்டது. தூதரக அதிகாரிக்கு அனுமதி போனால் வேலையும் போன மாதிரிதான். துறைக்குள் எழுதும் பதில்தான் முதலும் கடைசியும்.

'தூதருக்குத்தான் வழக்குகளிலிருந்து விலக்குரிமை இருக்கிறதே' என்பார்கள். 1961 வியன்னா ஒப்பந்தப்படி அந்த உரிமை அனுப்பிய நாட்டுக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல. நாடு நினைத்தால் விட்டுக்கொடுக்கலாம். சொந்த நாட்டு நீதிமன்றத்தில் அது செல்லவும் செல்லாது. விசா கொடுக்கும் கான்சுலர் அதிகாரிக்கு 1963 ஒப்பந்தத்தில் இன்னும் குறைவு: அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டும். வாகன விபத்தில் மூன்றாம் நபர் போடும் சிவில் வழக்குக்கு அதுவும் கிடையாது. சொந்த வேலையாகக் கார் ஓட்டி இடித்தால் இந்தப் பாலிசியும் வராது. அதற்கு உள்ளூர் மோட்டார் இன்சூரன்ஸ்தான்.

பிரீமியத்தில் பாதியை அரசே திருப்பித் தரலாம் என்று 1996-ல் சட்டம் போட்டார்கள், 1999-ல் அதைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் முக்கியமாகக் காவல் பணியாளர், மேற்பார்வையாளர், நிர்வாக அதிகாரி ஆகியோருக்கு மட்டும். யாரையும் மேற்பார்வை செய்யாத இளநிலை அதிகாரி முழுப் பணத்தையும் தன் பையிலிருந்து கட்ட வேண்டும். இது அநியாயம் என்பது என் கருத்து. விசாரணை அறையில் அந்தத் தாள் அவர் முன்னாலும்தான் வைக்கப்படுகிறது. தகுதி உள்ளவர்களிலும் பலர் ரசீதோடு விண்ணப்பம் கொடுக்காமல் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

கிளெய்ம் மறுக்கப்படுவது பெரும்பாலும் தேதியால். இவ்வகைப் பாலிசியில் பல 'கிளெய்ம் வந்த தேதி' அடிப்படையில் ஓடுபவை. சம்பவம் நடந்தபோது பாலிசி இருந்தது, புகார் வரும்போது இல்லை என்றால் ஒன்றும் கிடைக்காது. ஓய்வு பெறுபவர் அன்றோடு நிறுத்திவிட்டால், அடுத்த வருடம் வரும் நோட்டீஸுக்குத் தானே வக்கீல் பிடிக்க வேண்டும். நீட்டிப்புக் காலம் வாங்க முடியுமா என்று முன்பே கேளுங்கள். புகார் வரப்போவது தெரிந்த பிறகு வாங்கினால் அந்த விஷயம் விலக்கில் போய்விடும். நோட்டீஸ் வந்தும் 'பார்க்கலாம்' என்று மூன்று மாதம் கழித்துக் கம்பெனிக்குச் சொன்னாலும் சிக்கல். விசாரணைக்கு அழைத்து வரும் ஒற்றை வரி ஈமெயிலே தகவல் தரப் போதுமான காரணம். சொந்த வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்று பாலிசி சொன்னாலும், மணிக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வித்தியாசம் உங்கள் தலையில் விழும்.

முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நம் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. சிகிச்சைத் தவறுக்கான வழக்கு அரசு மேல்தான் போகும். உங்கள் லைசென்ஸ் குறித்த மாநில வாரிய விசாரணை வேறு. உங்கள் பாலிசி அதையும் எடுத்துக்கொள்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

பாலிசி எண்ணும் கிளெய்ம் தொலைபேசி எண்ணும் இருக்கும் முதல் பக்கத்தை அலுவலக ஈமெயிலில் மட்டும் வைக்காதீர்கள். விசாரணைக்காகக் கட்டாய விடுப்பில் அனுப்பினால் அன்றே அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள், அடையாள அட்டையையும் வாங்கிக்கொள்வார்கள். ஒரு பிரிண்ட் எடுத்து வீட்டில் பாஸ்போர்ட் இருக்கும் உறையில் போட்டு வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள்.