பயோட்டின் போடுறவங்க தைராய்டு டெஸ்ட்டுக்கு முன்னாடி பாருங்க

மேல ஒருத்தர் பயோட்டின் வெறும் வைட்டமின்தான், தைராய்டு டெஸ்ட்டை ஒண்ணும் பண்ணாதுன்னு போட்டிருக்காரு. அது சரியில்லைங்க. சில லேப்ல டெஸ்ட் முறையே பயோட்டின் போய் ஒட்டுறத வச்சுதான் நடக்குது, ரத்தத்துல அது நிறைய இருந்தா டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டுற ஹார்மோன்) உள்ளதைவிட கம்மியா காட்டும், அதனால ஏறியிருக்கிறதுகூட நார்மல்னு வந்துரலாம். முடி கொட்டுதுன்னு வாங்குன மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க, நிறைய பிராண்டுல 10 மில்லிகிராம் இருக்கும், ஒரு நாளைக்குத் தேவையோ சுமார் 30 மைக்ரோகிராம்தான்! பயோட்டின் லேப் டெஸ்ட்டைக் குழப்பும்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017லயே எச்சரிச்சிருக்கு, தேடினா கிடைக்கும். உங்க லேப்ல எந்த முறைன்னு கேளுங்க, டாக்டர்கிட்ட சொல்லிட்டு ரெண்டு நாளாவது பயோட்டினை மட்டும் (தைராய்டு மாத்திரையை இல்ல) நிறுத்திட்டு டெஸ்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்க.