மகாராணி உடுத்ததை உடுத்தார்

(இலண்டன் ஹாரோவில் ஒரு சிறிய தையற்கடை. அண்ணை தையல் இயந்திரத்தின் முன்னால் அமர்ந்திருக்கிறார். தங்கச்சி ஒரு பட்டுச் சேலைப் பையோடு உள்ளே வருகிறார்.)

தங்கச்சி: அண்ணை, சுவரில் ஒரே படத்தை எதற்காக இரண்டு தடவை மாட்டியிருக்கிறீர்கள்? படத்துக்குச் சட்டம் போட்டவர் உங்களை ஏமாற்றிவிட்டாரா?

அண்ணை: நன்றாகப் பாருங்கள், தங்கச்சி, அவை இரண்டு படங்கள். இடப்பக்கத்தில் இருப்பது 1976இல் இரண்டாம் எலிசபெத் மகாராணியார் மொன்றியல் ஒலிம்பிக் விளையாட்டுகளைத் தொடக்கிவைத்த நாளில் எடுத்தது. வலப்பக்கத்தில் இருப்பது 1977 யூன் மாதத்தில், தம்முடைய ஆட்சியின் வெள்ளி விழாவுக்காக அவர் சென் போல் பேராலயத்துக்குப் போன நாளில் எடுத்தது. ஹார்டி அமீஸ் தைத்த அதே இளஞ்சிவப்பு உடையும் மேலங்கியும், துணியாற் செய்த மணிப்பூக்கள் தொங்குகிற அதே தொப்பியும்தான் இரண்டிலும்.

தங்கச்சி: போன வருடம் உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்த உடுப்பை, இந்த வருடமும் உலகம் முழுவதும் பார்க்கப்போகிற நாளில் துணிந்து உடுத்தாரா? அவருக்கு மச்சாள்மார் இல்லையா?

அண்ணை: நால்வர் பிறந்திருந்தார்கள். ஆனால் பிலிப் இளவரசரின் அக்காமார் நால்வரும் ஜேர்மன் இளவரசர்களை மணம் முடித்து அந்த நாட்டுக்கே போய்விட்டார்கள்.

தங்கச்சி: அதுதானே பார்த்தேன். என்னுடைய மச்சாள் வெம்பிளியில் இருக்கிறார். இந்தச் சேலையை நான் மாசி மாதத்தில் ஒரு கலியாண வீட்டுக்கு உடுத்துவிட்டேன். அடுத்த கிழமை வருகிற கலியாணத்துக்கும் இதையே உடுத்தால், தாலி கட்டி முடிவதற்குள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். ஆகையால் இதை அலுமாரியில் வைத்துவிட்டு, புதுச் சேலைக்குச் சட்டை தைக்க அளவு கொடுக்கலாம் என்று வந்தேன்.

அண்ணை: மகாராணியார் எந்த உடையை எந்த நாளில், எந்த ஊரில், யாரைச் சந்திக்கப் போகும்போது உடுத்தார் என்பதை அவருடைய உடைகளுக்குப் பொறுப்பானவர்கள் ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார்கள். ஒரு நாட்டுத் தலைவருடைய விருந்தில் உடுத்ததை அதே தலைவருக்கு முன்னால் தவறுதலாக மறுபடியும் உடுத்திவிடக்கூடாது என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. வேறு ஊருக்கும் வேறு ஆட்களுக்கும் முன்னால் அதே உடை எத்தனை தடவையும் வரலாம்.

தங்கச்சி: எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு பதிவேடு உண்டு, அண்ணை. அதற்கு வாயும் உண்டு, வெம்பிளியில் வீடும் உண்டு.

அண்ணை: அதைவிடுங்கள், முதலில் இந்த நிறங்களைக் கவனியுங்கள். அவர் உயரம் குறைந்தவர், ஐந்தடி நான்கு அங்குலம் அளவில்தான் இருப்பார். கூட்டத்தின் பின்வரிசையில் நான்கு மணித்தியாலம் மழையில் நின்ற ஒருவர், வீட்டுக்குப் போய் "நான் மகாராணியைப் பார்த்தேன்" என்று பொய்யில்லாமல் சொல்லவேண்டுமானால், அவர் கிளிப்பச்சையாகவோ, எலுமிச்சை மஞ்சளாகவோ, கத்தரிப்பூ நிறமாகவோதான் வரவேண்டும். முகம் மறையாதபடி தொப்பியின் விளிம்பு சிறிதாகவோ மேல்நோக்கி மடிந்தோ இருக்கும். மழை பெய்தால் ஒளி ஊடுருவுகிற குடையைப் பிடிப்பார், அதன் ஓரப்பட்டிகூட உடையின் நிறத்திலேயே இருக்கும்.

தங்கச்சி: அந்தப் பளீர்ப் பச்சை உடுப்பு எனக்கும் நினைவிருக்கிறது.

அண்ணை: 2016இல் அவருடைய தொண்ணூறாவது பிறந்தநாள் அணிவகுப்புக்கு உடுத்தது அது. திரைப்படக்காரர் பின்னணியை மாற்றுவதற்குத் தொங்கவிடுகிற பச்சைத் திரையின் நிறத்திலேயே அது அமைந்துவிட்டதால், இளைஞர்கள் அந்த உடையின்மேல் கண்ட கண்ட படங்களையெல்லாம் ஒட்டி விளையாடினார்கள். என் மகனே அதில் ஒரு கொத்து ரொட்டியை ஒட்டி எனக்கு அனுப்பினான், நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

தங்கச்சி: சரி, நிறம் விளங்குகிறது. ஆனால் காற்று அடித்தால் பாவாடை பறக்காதா? போன கலியாணத்தில் மண்டப வாசலில் என் முந்தானை மாப்பிள்ளையின் தகப்பனார் முகத்தில் போய் விழுந்தது.

அண்ணை: அடித்தையலுக்குள் சின்னச் சின்ன ஈயக் கட்டிகளை வைத்துத் தைத்துவிடுவார்கள். இறங்குகிற இடத்தில் ஹெலிகொப்டர் காற்றே அடித்தாலும் பாவாடை இருந்த இடத்தில் இருக்கும்.

தங்கச்சி: என்னுடைய முந்தானைக்கும் நாலு கட்டி வைத்துத் தாருங்கள். மச்சாள் பக்கமாகக் காற்று அடிக்கும்போது பயன்படும்.

அண்ணை: சப்பாத்து விஷயத்தைக் கேட்டால் இன்னும் வியப்பீர்கள். புதுச் சப்பாத்து காலைக் கடிக்காமல் இருப்பதற்காக, அவருடைய உடைகளுக்குப் பொறுப்பாக இருந்த அஞ்செலா கெலி என்ற அம்மையார் அதை முதலில் தம் காலில் போட்டு நடந்து பழக்கிக் கொடுப்பார், ஏனென்றால் இரண்டு பேருக்கும் ஒரே அளவு.

தங்கச்சி: எனக்கும் என் மகளுக்கும் ஒரே அளவுதான். அவளும் என் புதுச் சப்பாத்துகளை முதலில் போட்டு நடக்கிறாள். திருப்பிக் கொடுக்கிற பகுதியைத்தான் இன்னும் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அண்ணை: மறுபடியும் உடுத்தவற்றுள் எனக்கு உயிரான உடை முடிசூட்டு விழா உடைதான். நோர்மன் ஹார்ட்னெல் 1953இல் செய்த அந்த வெண்பட்டில், இங்கிலாந்துக்கு ரோசா, ஸ்கொட்லாந்துக்கு முட்செடி, கனடாவுக்கு மேப்பிள் இலை, பாகிஸ்தானுக்குக் கோதுமையும் பருத்தியும் சணலும், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தாமரை என்று, ஒவ்வொரு நாட்டின் அடையாளத்தையும் பட்டு நூலாலும் முத்தாலும் பாசிமணியாலும் தைத்தார்கள். வேல்ஸ் நாட்டுக்கு டஃபடில் பூவைப் போடத்தான் ஹார்ட்னெல் ஆசைப்பட்டார், ஆனால் அரச சின்னங்களுக்குப் பொறுப்பான அதிகாரி, வேல்ஸின் முறையான சின்னம் லீக்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்.

தங்கச்சி: நுவரெலியாவிலிருந்து வருகிற லீக்ஸா? பருப்போடு போட்டுச் சமைக்கிற லீக்ஸையா மகுடம் சூடுகிற சேலையில் தைத்தார்கள்?

அண்ணை: சேலையல்ல, கவுன். தைத்த பிறகு லீக்ஸ் என்று யாரும் சொல்லமுடியாத அளவுக்கு அது மினுங்கியது. இப்பேர்ப்பட்ட உடையை ஒரே நாளில் பெட்டிக்குள் பூட்டாமல், 1954இல் நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பாராளுமன்றத்தைத் தொடக்கிவைக்கும்போது உடுத்தார். அந்த ஆண்டு சித்திரை மாதத்தில் கொழும்பிலும் உடுத்தார். 1957இல் ஒட்டாவாவிலும் உடுத்தார்.

தங்கச்சி: கொழும்பிலா? சித்திரை வெயிலிலா? பட்டும் முத்தும் பாசிமணியுமாகவா?

அண்ணை: அந்த வெயிலில் பாசிமணிகள் சூடேறி உடம்பைச் சுட்டன என்று சொல்வார்கள். ஆனாலும் அவர் முகம் சுளிக்கவில்லை.

தங்கச்சி: சித்திரையில் கொழும்பில் ஒரு நூல் சேலையை உடுத்தே நான் முகம் சுளித்திருக்கிறேன். இலங்கைக்கென்று தைத்த தாமரையை அவர் இலங்கைக்கே கொண்டுவந்து காட்டியிருக்கிறார் என்றால், அது இரண்டாந்தரம் உடுத்ததாகக் கணக்கில் வராது, அண்ணை. உரியவர்களுக்குக் காட்டியதாகத்தான் வரும்.

அண்ணை: இப்போது பிடித்துவிட்டீர்கள். புரோச்சுகளிலும் இதே நுட்பம்தான். உடை சும்மா ஒரே நிறத்தில் இருக்கும், இடது தோளுக்குக் கீழே குத்துகிற புரோச்தான் பேசும். 1939இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் கனடாப் பயணத்துக்காகத் தம் மனைவிக்கு வைரத்தால் ஒரு மேப்பிள் இலை வாங்கிக் கொடுத்தார். 1951இல் மகள் எலிசபெத், இன்னும் இளவரசியாக இருந்தபோது, அதைக் குத்திக்கொண்டு கனடாவுக்குப் போனார். 2011இல் பேரனின் மனைவி கேற் கனடாவுக்குப் போகும்போது அதே இலையை இரவல் கொடுத்தார். அவுஸ்திரேலியாவுக்குப் போனால் 1954இல் அந்த நாட்டில் அன்பளித்த மஞ்சள் வைர வாட்டில் பூ, நியூசிலாந்துக்குப் போனால் ஓக்லாந்துப் பெண்கள் கொடுத்த பன்ன இலை.

தங்கச்சி: எங்கள் வீட்டு அட்டியலும் மூன்று தலைமுறை கண்டதுதான். ஆனால் இரவல் கொடுத்தால் திரும்பி வருமென்ற நம்பிக்கை எங்கள் பரம்பரையில் இல்லை.

அண்ணை: 1947இல் தேனிலவுக்கு அவர் புரோட்லண்ட்ஸ் மாளிகைக்குப் போனபோது, செவ்வந்திப்பூ வடிவத்தில் நீலக்கல்லும் வைரமும் பதித்த புரோச் ஒன்றைக் குத்தியிருந்தார். 2007இல் அறுபதாவது மணநாளுக்கு அதே இடத்தில் படம் பிடித்தபோது அதே புரோச்சைத்தான் தேடியெடுத்துக் குத்தினார்.

தங்கச்சி: பக்கத்தில் நின்றவரும் அதே கணவர்தானே?

அண்ணை: அதே பிலிப்தான்.

தங்கச்சி: அப்படியானால் மகாராணியார் மாற்றாமல் நெடுங்காலம் வைத்திருந்தவற்றின் பட்டியலில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணை: 2018 யூலையில் டிரம்ப் இங்கே வந்திருந்த நாட்களில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு நாள் ஒபாமா தம்பதியர் 2011இல் அன்பளித்த புரோச். இன்னொரு நாள், தந்தையாரின் இறுதிச் சடங்கில் தாயார் அணிந்திருந்த புரோச். மற்றொரு நாள் கனடாவிலிருந்து வந்த பனிப்பூ புரோச். அரண்மனை ஒரு சொல்லும் சொல்லவில்லை, ஆனால் உலகம் முழுவதும் உட்கார்ந்து அர்த்தம் தேடியது.

தங்கச்சி: வாயைத் திறக்காமலே குத்துவதற்கு ஊசி வைத்த நகையைவிடப் பொருத்தமானது வேறென்ன? இதை நான் படித்திருந்தால் மாசி மாதக் கலியாணத்தில் எவ்வளவு பேச்சை மிச்சம் பிடித்திருப்பேன்!

அண்ணை: எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேடினாலும் ஆபத்துத்தான். 2017இல் பாராளுமன்றத்தைத் தொடக்கிவைக்கப் போனபோது நீலத் தொப்பியில் நடுவே மஞ்சள் பொட்டு வைத்த பூக்கள் வட்டமாக இருந்தன. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது, ஆகவே அது ஒன்றியத்தின் கொடியேதான் என்று ஊரே ஆர்ப்பரித்தது. அது தற்செயலாக அமைந்தது என்று அஞ்செலா கெலி பிறகு எழுதினார்.

தங்கச்சி: தொப்பி செய்தவர் சொல்வதை நம்பலாம், ஆனால் தொப்பி போட்டவரைப் பற்றி நான் அப்படி உறுதியாகச் சொல்லமாட்டேன்.

அண்ணை: தைக்கிறவன் என்ற முறையில் என்னை உருக்கியது அயர்லாந்துதான். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பிரித்தானிய ஆட்சியாளர் டப்ளினுக்குப் போனது 2011 மே மாதத்தில். பச்சை உடையோடு விமானத்திலிருந்து இறங்கினார். அரச விருந்துக்கு உடுத்த வெள்ளை உடையில் அயர்லாந்தின் சின்னமான ஷாம்றொக் இலைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கையாலேயே தைத்திருந்தார்கள், தங்கச்சி, கையாலேயே!

தங்கச்சி: என் சட்டைக் கைக்கு நாலு மாங்காய் தைக்க நீங்கள் மூன்று கிழமை கேட்டீர்கள்.

அண்ணை: அரண்மனையில் தைத்தவர்களுக்கு இடையில் வந்து யாரும் மகாராணியின் மச்சாளைப் பற்றிப் பேசவில்லை. அடுத்ததைக் கேளுங்கள். 2012 இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு ஒரே மாதிரி இரண்டு உடைகள் செய்தார்கள். ஒன்று அவருக்கு. மற்றது, அவர் ஹெலிகொப்டரிலிருந்து குதிப்பதாகக் காட்டிய வேடிக்கையில் பரசூட்டோடு குதித்த ஆண் ஒருவருக்கு.

தங்கச்சி: ஒரே மண்டபத்தில் இரண்டு பேர் ஒரே உடுப்பில் வந்தும் சண்டை வரவில்லையா?

அண்ணை: வரவில்லை. ஒருவர் மேலேயிருந்து வந்தார், மற்றவர் வாசலால் வந்தார். சரி, பையைத் திறந்து சேலையைக் காட்டுங்கள். கரைக்குப் பொருத்தமாக வேறு நிறத்தில் சட்டை தைத்து, தோளில் ஒரு நல்ல புரோச்சைக் குத்திவிட்டால் மாசி மாதச் சேலையென்று யாருக்குத் தெரியும்?

தங்கச்சி: மச்சாளுக்குத் தெரியும். அண்ணை, உண்மையைச் சொல்லுங்கள், அரண்மனையில் வைத்ததுபோல நீங்களும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறீர்கள், இல்லையா? அந்த நீலக் கொப்பி அதுதானே? அதில் மச்சாளுடைய பக்கம் எது?

அண்ணை: ஒருவருடைய அளவையும் உடுப்பையும் இன்னொருவருக்குச் சொல்வது என் தொழிலில் பாவம்.

தங்கச்சி: அஞ்செலா கெலி மட்டும் ஒரு புத்தகமே எழுதினாரே?

அண்ணை: 2019இல் எழுதினார், மகாராணியாரின் அனுமதியைப் பெற்று எழுதினார். நீங்களும் வெம்பிளிக்குப் போய் மச்சாளிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வாருங்கள்.

தங்கச்சி: அது இந்தப் பிறவியில் நடக்காது. ஆனால் மகாராணியார் பேச்சை முடிக்க விரும்பினால் கைப்பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக் குறிப்புக் காட்டுவார் என்று சொல்வார்களே. இதோ என் கைப்பை. நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம். மச்சாளின் மயில்கழுத்து நிறச் சேலைக்குப் புதுக் கரையும் புதுச் சட்டையும் போட்டு, அது புதுச் சேலையென்று எங்களுக்குக் காட்டியது உண்மையென்றால், இந்தப் பையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றுங்கள், போதும்.

(அண்ணை கைப்பையை வாங்கி, இரண்டு கைகளையும் பார்த்து, கடைசியில் அதைத் தரையில் வைத்துவிடுகிறார்.)

தங்கச்சி: தரையில் வைத்தால் என்ன பொருள்?

அண்ணை: யாராவது வந்து என்னை இந்த உரையாடலிலிருந்து காப்பாற்றுங்கள் என்று பொருள்.

தங்கச்சி: நன்றி, அண்ணை. இல்லையென்றால் இல்லையென்று சொல்லியிருப்பீர்கள். சட்டைக்கு அளவெடுங்கள், இந்தச் சேலையையே உடுக்கிறேன்.