நடக்க வேணாம்னு சொல்லல

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எங்க ஆபீஸ்ல வாக்கத்தான். ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு சோழிங்கநல்லூர்ல அஞ்சு கிலோமீட்டர், முடிஞ்சதும் பொங்கல் வடை. வழக்கமா அக்டோபர்ல மார்பகப் புற்றுநோய்க்காக ரோஸ் கலர் டீ-ஷர்ட் போட்டு நடப்போம், இந்த தடவை அரிய வகை புற்றுநோய்க்காகன்னு மெயில் வந்துச்சு, அதுவும் சிஎம்எல்-னு ஒரு ரத்தப் புற்றுநோய்க்கு. மெயிலை திறந்துட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். எங்க அண்ணனுக்கு இருக்கறது அதுதான், ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது.

2016-ல விழுப்புரத்துல அண்ணன் ரெண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு ரொம்பிடுதுன்னு சொல்லிட்டே இருந்தான், அம்மா கேஸ்தான்னு ஓமத்தண்ணி வச்சு கொடுத்தாங்க, உண்மையில மண்ணீரல் வீங்கி இரைப்பைய அமுக்கிட்டு இருந்திருக்கு. ரத்த டெஸ்ட்ல வெள்ளை அணு 1,80,000. 11,000 தாண்டக் கூடாது. லேப்காரர் மெஷின் கோளாறுன்னு நெனச்சு மறுபடி ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்.

9-வது குரோமோசோம்ல ஒரு துண்டும் 22-வதுல ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கறதால வர்ற நோய் இது. அதான் செப்டம்பர் 22-ஐ இதுக்கான நாளா வச்சிருக்காங்க. பரம்பரையா வர்றதில்ல, இத தின்னதால வந்துச்சுன்னு யாரையும் திட்டவும் முடியாது.

இப்ப பேனருக்கு வரேன். "ஆரம்பத்திலேயே கண்டறிவோம், நம்மை நாமே பரிசோதிப்போம்"னு எழுதியிருந்துச்சு. எதைங்க பரிசோதிக்கறது? மார்பகப் புற்றுநோய் பேனரை எடுத்து கலரை மட்டும் மாத்தி ஒட்டிட்டாங்க. இதுல தடவிப் பாக்க கட்டி கிடையாது, ஊருக்கே ஸ்க்ரீனிங் பண்ற வழக்கமும் கிடையாது. பல பேருக்கு வேற எதுக்கோ ரத்த டெஸ்ட் எடுக்கப் போன இடத்துலதான் தெரிய வருது. இந்த நோய்க்காரனுக்கு வேண்டியது விழிப்புணர்வு இல்ல. தினம் ஒரு மாத்திரை, ஒரு நாள் கூட தப்பக் கூடாது, அப்புறம் நோய் அடங்கியிருக்கான்னு பாக்க மூணு மாசத்துக்கு ஒருக்கா பிசிஆர்-ஏபிஎல் டெஸ்ட். மாத்திரைய விட்டு விட்டு போட்டா நோய் மருந்துக்கு பழகிடும். டெஸ்ட்டுக்கு காசு, பஸ்ஸுக்கு காசு, அன்னிக்கு போற கூலி, இதுலதான் ஆளுங்க நடுவுல நின்னுடறாங்க.

அண்ணன் ராத்திரி சாப்பிட்ட கையோட பெரிய சொம்பு தண்ணியோட மாத்திரை போடுவான், வெறும் வயித்துல போட்டா கொமட்டும். காலைல கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கும், நைட்டு கெண்டைக்கால் இழுத்துக்கும். காலியான அட்டைய எல்லாம் அம்மா ஹார்லிக்ஸ் டப்பால போட்டு வச்சிருக்காங்க, ஏன்னு கேட்டா கணக்குக்குங்கறாங்க.

அண்ணன் போடற மாத்திரை பேரு இமாடினிப், அமெரிக்காவுல 2001-ல வந்துச்சு. பேட்டன்ட் கேஸ் நடந்த காலத்துல நோவார்ட்டிஸ் கம்பெனி விலை இங்க மாசத்துக்கு கிட்டத்தட்ட 1,20,000, அதே மருந்தை நம்மூர் கம்பெனிங்க தயாரிச்ச ஜெனரிக் 8,000 சுமாருக்கு கிடைச்சுது. வேற யாரும் தயாரிக்கக் கூடாதுன்னு பேட்டன்ட் கேட்ட நோவார்ட்டிஸோட மனுவ 2006-ல தள்ளுபடி பண்ணது நம்ம சென்னை பேட்டன்ட் ஆபீஸ்தான். கேஸ் இழுத்து இழுத்து 2013 ஏப்ரல் 1-ல சுப்ரீம் கோர்ட்டும் முடியாதுன்னுடுச்சு. அந்த கேஸ்ல எதிர்த்து நின்னவங்கள்ல புற்றுநோயாளிகளுக்கு உதவற ஒரு அமைப்பும் இருந்துச்சு. அவங்க யாரும் நமக்கு டீ-ஷர்ட் கொடுக்கல.

நான் வாலண்டியர் டீம்ல இருந்ததால பில்லை பார்த்தேன். ரிஜிஸ்ட்ரேஷன் 300, அதுல டீ-ஷர்ட் மட்டும் 240. ட்ரோன் தனி, டிஜே தனி (காலைல ஆறு மணிக்கு டிஜே!). இத சிஎஸ்ஆர்னு, அதாவது கம்பெனி சமூகத்துக்கு செய்யற செலவுன்னு, லிங்க்ட்இன்ல வேற போட்டாச்சு. 2014 ஜூன்லயே கம்பெனி விவகார அமைச்சகம் மாரத்தான் மாதிரி ஒரு நாள் கூத்தெல்லாம் சிஎஸ்ஆர் கணக்குல சேராதுன்னு தெளிவா சர்க்குலர் விட்டிருந்துச்சு, அதாவது சட்டப்படி லாபத்துல கொடுக்க வேண்டிய 2% வேற, நாம வேர்த்து விறுவிறுக்க நடந்தது வேற.

நடக்க வேணாம்னு சொல்லல. நானும் நடந்தேன். மூணாவது கிலோமீட்டர்ல எங்க டீம் லீட் "சிஎம்எல்னா லங்ஸாப்பா?"ன்னு கேட்டார், அங்கதான் முதல் தடவையா அண்ணனை பத்தி வாய திறந்தேன். மனுஷன் மீதி ரெண்டு கிலோமீட்டரும் கேள்வியா கேட்டுட்டே வந்தார். அன்னிக்கு நடக்கப் போகலன்னா அந்த பேச்சே வந்திருக்காது, ஒத்துக்கறேன்.

ஆனா டீ-ஷர்ட்டை விட்டுட்டு அந்த 300-ஐ அப்படியே கொடுக்கலாமே. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மேக்ஸ் மாதிரி இந்த நோய்க்காரங்களே சேர்ந்து நடத்தற அமைப்புங்க இருக்கு. மாசம் 100 ரூபா சம்பளத்துல பிடிச்சுக்கோங்கன்னு எழுதிக் கொடுத்தா ஆயுசுக்கும் மாத்திரை போடறவனுக்கு அது உதவும், அவன் நோய் ஞாயித்துக்கிழமையோட முடியறதில்லயே. வரிவிலக்கு கிடைக்குமான்னு ஒருத்தர் கேட்டார், வருமான வரில நியூ ரெஜீம்ல இருக்கறவங்களுக்கு நன்கொடைக்கு விலக்கு கிடையாதுங்க, கிடைச்சாதான் கொடுப்பேன்னா விடுங்க.

டீ-ஷர்ட்டை ஊருக்கு எடுத்துட்டு போனேன். அண்ணன் பின்னாடி அச்சடிச்சிருந்த ஸ்பான்சர் பேரெல்லாம் ஒண்ணொண்ணா படிச்சுட்டு "இதுல எங்க பேரு எங்க?"ன்னான். எக்ஸ்எல் சைஸ், அவனுக்கு தொளதொளன்னு இருக்கு, வண்டி தொடைக்க வச்சுக்கறேன்னுட்டான்.

ஹெச்ஆருக்கு சம்பளப் பிடித்தம் பத்தி மெயில் போட்டு ஒம்பது நாளாச்சு. "கிரேட் ஐடியா, அடுத்த குவார்ட்டர்ல பாக்கலாம்"னு பதில். திங்கக்கிழமை நேர்லயே போய் நிக்கப் போறேன், டீம் லீடும் கூட வரேன்னிருக்கார்.