ஒடியல் வேறு, புழுக்கொடியல் வேறு

மீன், நண்டு, இறால் போட்டுக் காய்ச்சும் யாழ்ப்பாணத்து ஒடியல் கூழைப் பற்றி ஒரு தம்பி, “புழுக்கொடியல் மாவை நேரே கொதிக்கிற கூழுக்குள் கொட்டலாம், ஊறவைப்பது வீண்வேலை” என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே பிழை, தம்பி. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அதை இடித்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துச் சாப்பிடுவோம். பச்சையாகப் பிளந்து காயவைத்ததுதான் ஒடியல். கூழுக்கு அந்த மாதான் வேண்டும்.

ஒடியல் மாவில் கைப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவிட்டால் மா அடியில் படியும், மேலே கலங்கல் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரை மெல்லச் சரித்து ஊற்றிவிட வேண்டும். கைப்பு அதோடுதான் போகும். அம்மா மூன்று முறை மாற்றுவா. ஒருமுறை நான் அவசரப்பட்டு ஊறவிடாமல் போட்டேன். நல்ல நண்டும் இறாலும் இருந்தும் ஒருவராலும் குடிக்க முடியவில்லை.

மற்றது, மாவை முதலில் போடாதீர்கள். மீன் தலை, அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய் அவிந்து, நண்டும் இறாலும் வெந்த பிறகு, அரைத்த செத்தல் (காய்ந்த) மிளகாயோடும் பழப்புளியோடும் மாவைக் கரைத்து விடுங்கள். அப்புறம் அகப்பையை எடுக்காமல் துழாவுங்கள், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். முருங்கையிலை கடைசியில்.